“இப்ப என்ன பண்ணுத?” வேலை, வெற்றி, ஊர்வாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஸ்டூலில் வந்து உட்காரும் தம்பிமார், ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் கூப்பிடும் சித்தி மகன், பெரியம்மை பேத்தி, எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. கடையில் சொன்னபோது இருந்த சில வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி அண்ணாச்சி?

ஒன்றுமில்லை. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் ஊர். 2009-ல் ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன், இரண்டு அரியரோடு. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இரண்டரை வருஷம். அப்புறம் ஊருக்கு வந்து ஐந்து வருஷம் டி.என்.பி.எஸ்.சி. எழுதினேன், குரூப் 4 மூன்று தடவை, குரூப் 2 இரண்டு தடவை. ஒருமுறை மூன்று கேள்வியில், அதாவது நாலரை மார்க்கில் போனது. இப்போது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் வோல்டேஜ் குறைந்து வீட்டுக்கு வீடு மோட்டார் எரியும், அப்போது மாசம் 35,000 வரை நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் 12,000 வந்தாலே பெரிது. ஜெயித்தவன் திரும்பிப் பார்த்துப் புத்தி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே, கடைக்கு இன்னும் ஷட்டர் கூட மாற்றவில்லை.

எங்கே போனாலும் “இப்ப என்ன பண்ணுத?” என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பயந்தே மூன்று வருஷம் நான் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. மறுவீட்டுச் சொதி சாப்பிடாமல் மூன்று வருஷம் என்றால் நம் ஊர்க்காரனுக்கு அது என்ன தண்டனை என்று உனக்கே தெரியும். ஆனால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. சென்னை, கோயம்புத்தூர், பம்பாய் என்று சிதறிக் கிடக்கிற சொக்காரன் அத்தனை பேரும் வருஷத்தில் அந்த ஒரு நாள் ஒரே பனைமர நிழலில் நிற்பார்கள், கேட்காமல் விடுவார்களா.

2014-ல் என்று நினைக்கிறேன். நான் பொங்கல் பானைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன், ஓலை ஈரம், ஒரே புகை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பெரியப்பா ஒருத்தர், தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கேட்டார், “ஏல, இப்ப என்ன பண்ணுத? இன்னும் படிச்சிக்கிட்டேதான் இருக்கியா?” எனக்கு வாய் கட்டிப்போனது. ஆச்சி வெற்றிலையை இடித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள், “என்ன பண்ணுதான்னா கேக்க? வெறகு தள்ளுதான், கண்ணு தெரியலையா ஒனக்கு?” எல்லாரும் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். அதோடு முடிந்தது. ஒரு வருஷமாக என்னை ராத்திரி தூங்கவிடாத கேள்வி நாற்பது விநாடிகூட நிற்கவில்லை. கேட்டவருக்கு அது அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பாதிப் பேர் கேட்பது ‘சாப்பிட்டியா’ மாதிரி, பதிலை அவர்கள் கவனிப்பதே இல்லை. கொஞ்சப் பேர் உண்மையான அக்கறையில் கேட்கிறார்கள், அவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவர்களிடம் மறைக்காதே. மிச்சம் இருக்கிறவர்கள் அளவெடுக்கக் கேட்கிறவர்கள், தன் மகன் முன்னால் இருக்கிறானா பின்னால் இருக்கிறானா என்று. மூன்று வகைக்கும் நான் வைத்திருந்த பதில் ஒரே வரி: “படிச்சிக்கிட்டு இருக்கேன் பெரியப்பா, ஆடி வரைக்கும் பாத்துட்டு அடுத்ததை யோசிக்கணும். உங்களுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?” முட்டுவலி என்றதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், இதுவரை தவறியதில்லை.

நீளமாக விளக்கம் சொல்லாதே, அதுதான் நான் செய்த தப்பு. நோட்டிபிகேஷன், ஆன்சர் கீ, கேஸ் போட்டிருக்கிறார்கள், ரிசல்ட் தள்ளிப்போகிறது என்று கல்யாணப் பந்தலில் நின்று விளக்கினால் எதிரில் இருப்பவர் முகத்தில் பரிதாபம் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுக்கிறோம்.

அரசு வேலைதான் உறுதி என்று வீட்டில் சொல்கிறார்கள். அது தப்பா?

தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தப் பயம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் கோபம் பாதி இறங்கும்.

கன்னடியன் கால்வாயில் எங்களுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல் விளையும் என்று பெயர். ஜூன் 1-ம் தேதி பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் உண்டு. மலையில் மழை ஏமாற்றினால் அந்த வருஷம் கார் இல்லை, பிசானம் ஒன்றை நம்பி உட்கார வேண்டும். ஆற்றங்கரைக்காரன் கதையே இது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் குளம் பெருகினால்தான் எதுவுமே. அந்தப் பக்கத்து ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் பம்பாய்க்கும் மளிகைக் கடையில் நிற்கப் போனது ஆசையினாலா?

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றினாள். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும், ஒரு இலையை எடுத்துத் தூளை நிரவி உருட்டி நுனியை மடக்கி நூலைச் சுற்றுவதற்குள் கண் டி.வி.யில் இருக்கும், கை தானாக ஓடும். நாளைக்கு 700, 800 பீடி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்துப் பார்ப்பார். கழிவு என்று அவர் ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. அப்பா அரை ஏக்கரை விட்டுவிட்டு ஒரு நூல் மில்லுக்குப் போனார், மில்லை மூடிவிட்டார்கள். இப்படி வானத்தையும் கணக்கப்பிள்ளை முகத்தையும் பார்த்தே காலம் தள்ளியவர்களுக்கு, எதிர்வீட்டு வாத்தியாருக்கு மட்டும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாசம் பிறந்தால் சம்பளம் வந்து விழுவது எப்படித் தெரிந்திருக்கும்? அவர்கள் ‘அரசு வேலை’ என்று சொல்லும்போது அந்த வாத்தியாரைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வாத்தியார் காலத்துக் கணக்கு அப்படியே இருக்கிறதா என்பது வேறு விஷயம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டார்கள், பழைய பென்ஷன் வேண்டும் என்று அரசு ஊழியர்களே எத்தனை வருஷம் தெருவில் நின்றார்கள் என்று நீ பேப்பரில் பார்த்திருப்பாய். அது இருக்கட்டும், வேலை நல்ல வேலைதான், கிடைத்தால் போ. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. உறுதி எல்லாம் வேலை கிடைத்தவனுக்கு. எழுதிக்கொண்டிருக்கிற உனக்கு இப்போது ஊரிலேயே இருக்கிற பெரிய நிச்சயமின்மை அந்தப் பரீட்சைதான், பிசானத்தைவிட மோசம். வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எத்தனை தடவை எழுதலாம்? எப்போது நிறுத்துவது?

2024 ஜூனில் நடந்த குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், கூட்டியதையும் சேர்த்துப் பத்தாயிரம் என்றே வைத்துக்கொள், 150 பேருக்கு ஒருத்தர். 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். ஒரு கேள்வியில் ஆயிரக்கணக்கான பேர் முன்னே பின்னே ஆவார்கள். நான் நாலரை மார்க்கில் விட்டபோது என்னைவிட நன்றாகப் படித்த ஒருத்தன் ஒன்றரை மார்க்கில் விட்டான், எங்கள் இரண்டு பேரையும்விடக் குறைவாகப் படித்த ஒருத்தன் இன்றைக்கு வி.ஏ.ஓ. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது இல்லை.

இதில் யாரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. குரூப் 4-ல் பல பதவிகளுக்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. அதற்கு மேல் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அந்தப் பதவிகளில் மற்றவர்களுக்கு உள்ள வயது உச்சவரம்பு கிடையாது. நல்ல நோக்கத்தில் வைத்த விதிதான். ஆனால் ‘போதும், போ’ என்று வெளியே இருந்து யாரும் சொல்லமாட்டார்கள், 38 வயதிலும் அடுத்த நோட்டிபிகேஷன் உன்னைக் கூப்பிடும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நான் படித்த காலத்து முகங்கள் இரண்டை இன்னும் அங்கே பார்க்கிறேன், தலை நரைத்திருக்கிறது.

வ.உ.சி. மைதானத்துப் பக்கம் விடியற்காலையில் போனால் போலீஸ் செலக்ஷனுக்கு ஓடுகிற பையன்களைப் பார்க்கலாம், 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்க வேண்டும். அவர்கள் நிலைமை ஒரு விதத்தில் தேவலை, ஸ்டாப்வாட்ச் உடனே சொல்லிவிடுகிறது. நம் பரீட்சைக்கு ஸ்டாப்வாட்சை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி வைப்பது? தேதியைப் பரீட்சைக்கு முன்னாலேயே முடிவு செய்து வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லிவிடு. ரிசல்ட் வந்த அன்றைக்கு முடிவு செய்தால் எல்லாரும் ஒரே முடிவுதான் செய்வார்கள், இன்னும் ஒரே ஒரு தடவை. இரண்டாவது வருஷத்திலிருந்து நாளைக்கு நாலு மணி நேரமாவது காசு வருகிற வேலை ஒன்றைப் பார், டியூஷனோ ஜெராக்ஸ் கடையோ எதுவானாலும் சரி. படிப்பு கெட்டுப்போகும் என்பார்கள். முழு நாளும் படிக்கிறவன் முழு நாளுமா படிக்கிறான்? எத்தனை டீ குடித்தோம் என்று எனக்குத் தெரியும்.

கோச்சிங் சென்டரில் “விட்டுவிடாதே, நெருங்கிவிட்டாய்” என்கிறார்களே?

அது அவர்கள் கடை.

இப்போது நிறுத்தினால் இத்தனை வருஷமும் வீண்தானே?

கொஞ்சம் வீண்தான். எதுவும் வீணாகாது, எல்லாம் அனுபவம் என்று சொல்கிற ஆட்களை நான் நம்புவதில்லை. 24-லிருந்து 29 வரைக்கும் என் கையில் ஒரு தொழில் இருந்திருந்தால் இன்றைக்கு நிலைமை வேறு. அதைச் சொல்லி ஒரு ராத்திரி அழுதுவிட்டால் நல்லது. ஆனால் ஐந்து வருஷம் போய்விட்டதே என்று ஆறாவது வருஷத்தையும் அதன் மேலேயே போடுகிறோம் பார், அது எரிந்த காயில் மேலேயே புதுக் கம்பியைச் சுற்றுகிற மாதிரி, திரும்ப எரியும்.

மைதானத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி.யையே எடுத்துக்கொள். வக்கீல். 1906-ல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கினார், 1908-ல் சிறை, 1912-ல் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் பார்க்க உரிமம் தரும் சன்னதும் இல்லை. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார், பிறகு சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். நாமெல்லாம் வ.உ.சி. என்று சொல்ல வரவில்லை. எங்கள் சாஸ்தா கோயில் கூட்டத்தில் அவரை நிறுத்தியிருந்தாலும் “கப்பல் கம்பெனி என்னாச்சுய்யா?” என்றுதான் கேட்டிருப்பார்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

கூடப் படித்தவன் சென்னையில் பிளாட் வாங்கிவிட்டான். ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எரியட்டும், இயற்கைதான். பார்க்காமல் இருக்க அந்த ஸ்டேட்டஸை மியூட் பண்ணலாம், அவனுக்குத் தெரியாது. என் வகுப்பில் ஒருத்தன் பல்லாவரத்தில் வாங்கினான். பொங்கலுக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்து 20 வருஷத் தவணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான், கம்பெனியில் ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அசிங்கமான சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அவன் போகும்போது என் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு “நீ குடுத்துவச்சவன்டா” என்றான், அவனுக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த மாசம் கரண்ட் பில் கட்டக் கைமாற்று வாங்கியிருந்தேன்.

எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை. பிடித்ததைச் செய் என்கிறார்கள்.

இந்தப் ‘பிடித்ததைச் செய்’ இன்னொரு விதமான நெருக்கடி. முன்பெல்லாம் அரசு வேலை வாங்கினால் போதும், இப்போது பிடித்த வேலையாகவும் இருக்கணுமாம், அதில் ஜெயிக்கவும் செய்யணுமாம்.

எனக்குக் காயில் கட்டுவது பிடிக்கவே இல்லை. பேட்டையில் ஒரு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்ததே வெயிலுக்கு நிழல் கிடைத்தது என்றுதான். எரிந்த மோட்டாரைத் திறந்தால் முதலில் வருவது நாற்றம், கருகின வார்னிஷ் நாற்றம், இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. பழைய கம்பியை உளியால் வெட்டி எடுக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ், எந்த ஸ்லாட்டில் நுழைந்து எந்த ஸ்லாட்டில் வெளியே வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், குறிக்காமல் உருவிவிட்டால் தொலைந்தாய். அப்புறம் கரண்ட் கசியாமல் தடுக்கிற லெதராய்டு பேப்பரை அளவாக வெட்டி ஸ்லாட்டில் சொருகி, புதுக் காயிலைக் கம்பி கம்பியாக இறக்கி, மூங்கில் சீவலை மேலே அடித்து, நூலால் இறுகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். நான் கட்டிய முதல் மூன்றில் இரண்டு திரும்பி வந்தன. அண்ணாச்சி திட்டவில்லை, “பேப்பரு கிழிஞ்சிருக்கு, பாத்தியா” என்று காட்டினார்.

ஒரு எட்டு மாசம் கழித்து ஒரு நாள், மோட்டாரை ஓடவிட்ட சத்தத்தைக் கேட்டே பேரிங்கா காயிலா என்று சொன்னேன், சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் பிடித்தது. கை பழகிய பிறகு வந்த பிடிப்பு அது. எல்லாருக்கும் இப்படி வரும் என்று உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் பிடித்தது எது என்று கட்டிலில் படுத்து யோசித்துக் கண்டுபிடித்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இருக்கிற வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடவா? கல்விக் கடன் வேறு இருக்கிறது.

கடன் இருந்தால் முதலில் கடனைப் பேசுவோம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். உன் அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், நீ தவணையை விட்டால் அவருக்கும் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுகிற ஸ்கோர் அடிபடும், நாளைக்கு அவர் பெயரில் லோன் கேட்டுப் போனால் அங்கே வந்து நிற்கும். மேனேஜரைப் போய்ப் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டித் தரமுடியுமா என்று கேள், 15 வருஷம் வரை நீட்டிக்க இடம் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போனை எடுக்காமல் இருக்கிறவர்களுக்குத்தான் நோட்டீஸ் வருகிறது.

அப்புறம் ஆறு மாசச் செலவுக் காசு கையில் இருக்கட்டும். நான் மூன்று மாசக் காசோடு அம்பத்தூரை விட்டு வந்தேன். ஐந்தாவது மாசம் பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போக அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கினேன், பீடிக் காசு, சுருட்டி மடித்த பத்து ரூபாய் நோட்டுகள். அந்த நோட்டு கையில் பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஊர் என்ன நினைக்கும் என்பதைத் தூக்கிப்போடலாம், அம்மாவின் முடிச்சைத் தூக்கிப்போட முடியாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

சாப்பிடும்போது சொல்லாதே. வேலை செய்துகொண்டிருக்கும்போது சொல், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. நான் வயலில் வரப்பு வெட்டும்போது சொன்னேன், “அப்பா, இனி எழுதலை. காயில் கட்டப் போறேன்.” அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. “ட்ரிபிள் ஈ படிச்சிட்டா?” என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்தால் வீட்டு முன்பக்கத் தார்சாவில் கிடந்த நெல் மூட்டைகளை உள்ளே பட்டாசலுக்கு நகட்டிவிட்டு, அந்த இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். முதல் ஒன்றரை வருஷம் கடை அங்கேதான் நடந்தது. சமாதானம் என்று அவர் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை.

எல்லா அப்பாவும் தார்சாவைக் கூட்டித் தருவார் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தனின் அப்பா நாலு வருஷமாகப் பேசவில்லை. அவனும் ஒழுங்காகத்தான் சம்பாதிக்கிறான்.

பெண்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா அண்ணே?

பெரியம்மை பேத்தி கேட்டது. சரியான கேள்வி, எனக்குத்தான் சரியான பதில் தெரியவில்லை, வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், 11,000 சம்பளம். “ஆம்பளைங்களுக்கு விட்டுட்டேன்னு சொல்லுததுக்கு ஒரு வேலையாவது இருக்கு” என்றாள். உன்னை 23 வயது வரை “என்ன வேலை?” என்று நெருக்குவார்கள், கல்யாணம் நிச்சயம் ஆனதும் அதே வாய் “வேலை எதுக்கு?” என்று கேட்கும். எங்களுக்கு அழுத்தம் ஒரு பக்கம் இருந்துதான் வருகிறது, உங்களுக்கு இரண்டு பக்கமும். அதனால் தம்பிமாருக்குச் சொன்ன ‘கொஞ்சம் தளர்த்து’ என்பதை உனக்குச் சொல்லமாட்டேன். கையில் வேலை இருந்தால், 11,000 ஆனாலும், பிடித்து வைத்துக்கொள், சம்பளம் உன் பெயரில் உள்ள கணக்கில் விழட்டும். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே இதைப் பேசிவிடு, பின்னால் பேசினால் சண்டை என்பார்கள். மிச்சத்தை அவளிடமே பேசு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள்.

ஊருக்குத் திரும்பி வந்தால் தோற்று வந்தவன் என்பார்களே?

சொல்வார்கள். ஆறு மாசம் சொல்வார்கள், அப்புறம் வேறு யாராவது திரும்பி வருவார்கள். 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்கிற சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் திறந்த பிறகு ஊரில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம் என்று கொஞ்சப் பேருக்காவது தெரிந்தது, அதனால் பேச்சு முன்னைவிடக் குறைவு. அதற்காக ஊர் சொர்க்கம் என்று எழுதுகிற ஆட்களோடு சேர்ந்துகொள்ளாதே. சம்பளம் குறைவு, சொந்தக்காரன் கடன் சொல்லிவிட்டுப் போவான், கேட்டால் கோபித்துக்கொள்வான். எனக்குத் திருப்பம் என்று ஒன்று வந்ததே 2023 டிசம்பர் வெள்ளத்தில்தான். தாமிரபரணிக் கரையெல்லாம் முங்கி, சேறு புகுந்த மோட்டார்கள் மாட்டுவண்டி, ஆட்டோ, பைக் என்று வந்து இறங்கின. மூன்று மாசம் ராத்திரி பகல் வேலை. ஊரே அழுதுகொண்டிருந்தபோது என் கடைக்குக் காசு வந்தது, இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

ராத்திரி தூக்கமே இல்லை. சில நேரம் இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

இதற்கு என்னிடம் வராதே, வந்தாலும் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். ராத்திரியில் என்றால் 14416-க்குப் போன் பண்ணு, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். 104-லும் பேசலாம். கோட்டி, பைத்தியம் என்று யாராவது சொல்வார்களோ என்று யோசிக்காதே. ரிசல்ட் வந்த ஒரு ராத்திரி நான் ஈரடுக்குப் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். கூட நின்ற ஒருத்தன் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். அப்படி ஒருத்தன் பக்கத்தில் இருப்பான் என்று நம்பி இருக்க வேண்டாம், போனை எடு.

இப்போது உங்களுக்கு அந்த அழுத்தம் எல்லாம் போய்விட்டதா?

இல்லை. மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. ‘பொறியாளர்’ என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கடைசியில் ‘மோட்டார் வைண்டிங்’ என்று எழுதினேன், கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

போன வாரம் அந்தப் பெரியப்பா கடைக்கு வந்தார். பேரன் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் மடியில் ஒரு ஒரு-எச்.பி. மோட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேட்டியெல்லாம் கிரீஸ். “ஏல, வீட்டுல ரெண்டு நாளா தண்ணி ஏறலை. எப்ப தருவ?” வேறு எதுவும் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தேன், காயில் முழுக்கக் கருகியிருந்தது. வியாழக்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வார்னிஷ் காய வேண்டும்.